கம்புக்குப் பதில்

முந்திரிக்கொட்டை வாங்க ஆப்பிரிக்காவில் செனுஃபோ மக்களின் ஊர் ஒன்றுக்குப் போன நான், வண்டியைப் பின்னால் எடுத்து, வயல் முனையில் நட்டிருந்த கம்பை முறித்துவிட்டேன். அதன் உச்சியில் உட்கார்ந்திருந்த, கல்யாண வயதுப் பெண்ணாகச் செதுக்கிய மரப்பெண்ணுக்கு மட்டும் கீறலில்லை. அவளை நோக்கித்தான் இளைஞர்கள் போட்டி போட்டு வயலைக் கொத்திக்கொண்டு வருவார்கள். ஜெயிப்பவனுக்கு அவளே பரிசு. எல்லோருக்கும் முன்னால் கொத்தி வந்துகொண்டிருந்த ஸானா மண்வெட்டியோடு அழாக்குறையாக நின்றான்.

"போட்டி அவ்வளவுதானா?" என்றேன். ஆண்கள் அத்தனை பேரும் அவன் அம்மா ஞேலேயைப் பார்த்தார்கள். அவள் மரப்பெண்ணைத் துடைத்து என் தலைமேல் வைத்தாள். வீட்டில் துணிக்கொடி கட்டக்கூட உதவாத நான் கம்பானேன். போட்டி தொடர்ந்தது. கை கடுத்தது.

"இத்தனை பலசாலிங்க வேர்த்து ஊத்தக் கொத்துறாங்க. இவ மட்டும் ஏம்மா சும்மா உட்கார்ந்திருக்கா?" என்று ஞேலேயைக் கேட்டேன்.

"இவனுங்க மாதிரி நூறு பேரைப் பெறப்போறவ, உட்காரட்டும். நீ ஆடாம நில்லுப்பா."