சுவரேறிய சட்டை

அலபாமாவின் அந்த வேட்டைக் குடிசையில் ஒரே ஆரவாரம். மானைச் சுட்டுத் தவறவிட்டவரின் சட்டையின் பின்பக்கக் கீழ்நுனியை வெட்டிச் சுவரில் ஆணியடிப்பது அங்கே வழக்கம். முதன்முறையாக வேட்டைக்கு வந்த லொரீன் தவறவிட்டிருந்தாள்.

அவள் கணவன் டுவெய்ன் கத்தரிக்கோலோடு ஓடிவந்தான். "திரும்பி நில்லுடி. இத்தனை வருஷத்துல என் ராசிச் சட்டையில கத்தரி பட்டதே இல்ல, தெரியுமா?"

"நல்லா யோசிச்சுக்கோ, டுவெய்ன்."

"யோசிக்க என்ன இருக்கு? மாடு மாதிரி நின்ன மானைக் கோட்டை விட்டுட்டியே."

அவள் கோட்டுக்குக் கீழே தொங்கிய துணியைத் தாராளமாக வெட்டி ஆணியடித்தான். நண்பர்கள் கைதட்டினார்கள்.

லொரீன் நிதானமாகக் கோட்டைக் கழற்றினாள். சட்டைப் பையின் மேல் 'டுவெய்ன்' என்று தைத்திருந்தது.

"காலையில இருட்டுல கைக்குக் கிடைச்சதை மாட்டிட்டு வந்துட்டேன்," என்றாள். "அதான் யோசிச்சுக்கோன்னு சொன்னேன்."