திருக்கை முள்

அரசு ஆஸ்பத்திரியின் மூன்றாவது வரிசையிலும் நின்றாகிவிட்டது. மகாபலிபுரத்துக் குப்பத்திலிருந்து கழுக்குன்றம் வழியாக இரண்டு பஸ் மாறி, தம்பி இருசப்பனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்த வச்சலாவுக்கு இடுப்பு விட்டுப்போகிறது. மின்விசிறி மத்தியான வெக்கையைச் சுற்றிச் சுற்றிக் கலக்குகிறது. இருசப்பனின் வலது கால் சுரைக்காய் மாதிரி வீங்கி, கட்டிய வேட்டித் துணியை மீறி நாறுகிறது. டாக்டர் காலைப் பார்க்கவில்லை. அவனுடைய மனநோய் மாத்திரைச் சீட்டைப் பார்க்கிறார். அந்தச் சீட்டைப் படித்தவர் யாரும் இதுவரை கீழே குனிந்ததில்லை. “என்னப்பா பண்ணுது?” என்கிறார். “திருக்கை உள்ள குத்திகினு கீது சார்.” டாக்டர் ரொம்பப் பரிவாகத் தலையாட்டுகிறார். காலுக்குள் மீன் இருப்பதாகச் சொல்கிறான் என்று எழுதி, மாத்திரையை ஒன்றிலிருந்து ஒன்றரையாக்குகிறார். அவர் திருக்கையைக் குழம்பில் மட்டுமே சந்தித்தவர்.

“மீன் இல்ல சார், அதோட முள்ளு! வல இழுக்கச்சொல்ல வாலால அடிச்சி, முறிஞ்சி உள்ளியே நின்னுகிச்சி” என்கிறாள் வச்சலா.

“நீயும் அவனை மாதிரியே பேசினா எப்படிம்மா? அடுத்த ஆளு!”

வச்சலாவுக்குச் சண்டை போடவும் தெம்பில்லை. தம்பியின் காலை இரண்டு கையாலும் தூக்கி, மேஜைமேல், எழுதிய சீட்டின்மேலேயே வைத்துத் துணியை அவிழ்க்கிறாள். டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிகிறார். கறுத்த புண்ணின் நடுவே முள்ளின் முனை தெரிகிறது.

“எத்தனை நாளா இப்படி?”

“பதினோரு நாளு சார்” என்கிறான் இருசப்பன்.

டாக்டர் வச்சலாவின் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கிறார்.

“காலு அவன்துதான சார்? அவன்தான் சொல்றானே, எய்திக்கோ.”