கோழித் தீனிக் கலயம்

சேவல் கூவுவதற்கு வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. அப்படியே சாய்ந்து என் மாமனாரின் செருப்பின்மேல் விழுந்தது.

அவர் அப்போதுதான் மாட்டு வண்டியிலிருந்து இறங்கியிருந்தார். வண்டிக்குள் பாஞ்சாலி தகரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் குடிக்கிறேன் என்று ஆர்.கே.பேட்டையில் அப்பா வீட்டுக்குப் போய்விட்ட என் மனைவி. இறங்குவாளா, அதே வண்டியில் திரும்புவாளா என்பது இனி அவள் அப்பா பார்க்கப்போவதைப் பொறுத்தது.

அவர் பார்த்தார். ஒரு பெட்டை சுவரில் முட்டி, சுவரிடம் கோபித்துக்கொண்டது. இன்னொன்று அம்மிக்குழவியை அடைகாத்தது. கறுப்புப் பெட்டை மட்டும் நேராக நின்றது, தூங்கிக்கொண்டு.

நான் பாதியில் விட்டவற்றில் பள்ளிக்கூடம் முதல். குடியையும் விட்டுவிட்டேன், கோழி வளர்க்கிறேன் என்று அவருக்குச் சொல்லியனுப்பியிருந்தேன்.

"ஜில்லா பூரா கள்ளுக்கடைய மூடிக்கீறாங்க. உன் கோழிக்கு மட்டும் எவன் மாப்ளே தொறந்து வுட்டான்?"

விளக்கினேன். மலைக்கோயில் மடைப்பள்ளியில் எனக்கு இராவேலை. பஞ்சாமிர்தத்துக்குப் பேரீச்சையில் கொட்டை எடுப்பேன், உலர்ந்த திராட்சையில் காம்பு கிள்ளுவேன். நசுங்கியதும் புழுத்ததும் கழிவு. யுத்தம் வந்தபின் நொய்யும் தவிடும் மனிதருக்கே கிடைப்பதில்லை. அதனால் கழிவைக் கொண்டுவந்து, காயவைத்து, இடித்துக் கோழிக்குப் போடுகிறேன். ஒரு கலயத்துக் கழிவு மட்டும் தண்ணீர் பட்டுப் புளித்துவிட்டது. இன்று காலை சேவல் அதன்மேல் ஏறி உருட்டி உடைத்துவிட்டது.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் என் வாயிலிருந்து வந்தால் உண்மைகூடத் தள்ளாடும்.

மாமனார் காலை உதறினார். சேவல் புரண்டு படுத்தது. வண்டிக்காரன் மாட்டைத் திருப்பக் கயிற்றைப் பிடித்தான்.

பாஞ்சாலி குதித்து இறங்கினாள்.

கலயம் உடைந்து கிடந்த மூலைக்குப் போய்க் குனிந்தாள். நிமிர்ந்து முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகினாள். ஒரு பெட்டையைத் தூக்கி அதன் அலகை முகர்ந்தாள். பிறகு என் தாடையைப் பிடித்துத் திருப்பி, என் வாயை முகர்ந்தாள். பெட்டையைக் கொஞ்சம் மெதுவாகத்தான் பிடித்திருந்தாள்.

"கோழிங்கதான் குடிச்சிக்கீது, நைனா. இந்த ஆளு குடிக்கல. பெட்டிய எறக்கு."

மாமனார் சிரித்துவிட்டார். மாப்பிள்ளையைவிடக் கோழிகள் கெட்டுப்போனதில் அவருக்கு ஒரு நிம்மதி. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வண்டியேறினார்.

வண்டி குளக்கரையில் திரும்பி மறையும்வரை அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

பிறகு இடுப்பிலிருந்து முந்தானையை அவிழ்த்து, உள்ளே இருந்ததை என் கையில் வைத்தாள். கலயத்தின் கழுத்து. உடையாமல் முழுசாக இருந்தது. அதன் வாயை அவளுடைய பழைய சேலைக் கிழிசல் இறுக்கிக் கட்டியிருந்தது. துணியின்மேல் களிமண் பூச்சு. பூச்சில் என் விரல் தடம்.

"கோழித் தீனிக்கு எவனாச்சும் வாய் கட்டி மண்ணு பூசி வெப்பானா?"

நான் பூச்சிலிருந்த தடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தேன்.

அவள் சேவலைத் தூக்கி நிழலில் படுக்கவைத்தாள்.

"இத மட்டும் அறுத்துடாதய்யா. இது உனக்கு முன்ன குடிச்சதாலதான் நான் எறங்குனேன்."