பதினேழாம் நம்பர் ஆள்

"மிராசுதார் வந்தாலே கேம் நொண்டுது. ஏன்னுதான் தெரியலை!"

இராஜாங்கம் தலையில் கை வைத்துக்கொண்டான். நன்னிலம் கடைத்தெருவில், உரக்கடை மாடியில் ஒரே அறைதான் அவனுடைய கம்ப்யூட்டர் கேம் கம்பெனி. புரோகிராம் எழுத அவன், ஆட்களை வரைந்து அசையவைக்க விண்ணரசி. காலையில் சுவரிலுள்ள தாத்தா படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிய பிறகுதான் கம்ப்யூட்டரையே தொடுவான்.

அறுபதுகளில் நடந்த கூலிப் போராட்டம்தான் கேமின் கதை. அதைப் பார்க்கச் சென்னையிலிருந்து அப்துல் மஜீது இன்று வருகிறார். அவருக்குப் பிடித்தால் அவர் கம்பெனி வெளியிடும். பிடிக்காவிட்டால் ஷட்டரை இழுத்து மூடிவிட்டு, சென்னையில் யாரிடமாவது கைகட்டி வேலை பார்க்க வேண்டியதுதான்.

நொடிக்கு அறுபது ஃபிரேம் ஓடவேண்டிய முதல் காட்சி, மிராசுதார் களத்தில் கால் வைத்ததும் பன்னிரண்டுக்கு விழுந்துவிடும். பிறகு எல்லாரும் சேற்றில் மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி விட்டு விட்டு அசைவார்கள்.

மிராசுதாரிடம்தான் கோளாறு என்று இராஜாங்கம் அவருடைய குடையைப் பிடுங்கினான். சரிகை அங்கவஸ்திரத்தை உருவினான். மீசையையும் மழித்துப் பார்த்தான். அந்த வட்டாரத்தில் எந்த மிராசுதாருக்கும் அவ்வளவு அவமானம் நேர்ந்திருக்காது. ஃபிரேம் மட்டும் ஏறவில்லை.

கடைசியில், எந்த அசைவுக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் பக்கத்தைத் திறந்தவன் துள்ளி எழுந்தான்.

"கும்பிடு அனிமேஷன்தாம்மா எல்லாத்தையும் தின்னுது! முப்பது பேரும் நிறுத்தாம கும்பிட்டுக்கிட்டே இருக்காங்க பாரு!"

"நீங்கதானே சார் அப்படி எழுதுனீங்க? எல்லாரும் தோள்துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டுக் குனிஞ்சாத்தான் மிராசுதார் நகருவாரு. ஒருத்தர் பாக்கின்னாலும் எல்லாரும் முதல்லேருந்து கும்பிடணும்."

"அப்ப எவனோ ஒருத்தன் குனியலை. எவன் அவன்?"

திரையில் ஆட்கள் கட்டைவிரல் அளவுதான். இராஜாங்கம் தலைக்கு மேலிருந்த நம்பர்களை மட்டும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனான்.

"பதினேழு! இவனுக்குக் குனியிற அனிமேஷனே இல்லையேம்மா. மறந்துட்டியா?"

"மறக்கலை சார். வேணும்னுதான் போடலை. அவரு அப்படியே நிக்கட்டும். நீங்க மிராசுதாரைக் காத்திருக்காம நடக்க விடுங்க, சரியாயிடும்."

"ஏன், இவனுக்கு மட்டும் என்ன சலுகை?"

"மஜீது சார் பாக்கறப்ப சொல்றேன். உங்களுக்கே ரொம்பப் பிடிக்கும்."

"விளையாடுற நேரமா இது? மிராசுதாரைத் தொட்டா பத்து எடத்துல மாத்தணும். இவனைக் குனிய வெக்க ஒரே வரி போதும்."

"வேணாம் சார்!"

"ஊரே குனியறப்ப இவனுக்கு மட்டும் என்னா திமிரு?"

தட்டினான். பதினேழாம் நம்பர் ஆள் துண்டை இடுப்பில் கட்டினார், குனிந்தார். மிராசுதார் கம்பீரமாக நடந்தார். அறுபது ஃபிரேம்!

"சார், ஒரு நிமிஷம், அது யாருன்னா..." என்று விண்ணரசி ஆரம்பிப்பதற்குள் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்துல் மஜீது வந்துவிட்டார். மிராசுதாருக்கு மீசையைத் திரும்ப ஒட்டக்கூட நேரமில்லை.

மஜீது உட்காரும் முன் சுவரைப் பார்த்தார். "பெரியவர் யாரு?"

இராஜாங்கத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆபீசுக்கு யார் வந்தாலும் அவன் சொல்லும் கதை அது. விண்ணரசிக்கு மனப்பாடம்.

"எங்க தாத்தா சார், கண்ணுசாமி. ஊரே துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு நின்னப்ப, மிராசுதார் முன்னாடி ஒரு நாளும் தோள்துண்ட எடுக்காத மனுசன். கட்டிவெச்சு அடிச்சாங்க, அப்பவும் எடுக்கலை. இந்தக் கேமே அவருக்காகத்தான் சார்!"

விண்ணரசி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

கேம் ஓடியது. ஒரு சின்னத் தடங்கல்கூட இல்லை. மஜீது நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பிரமாதம்! அனிமேஷன் தண்ணி மாதிரி ஓடுதே. முகமெல்லாம் எப்படி வரைஞ்சிருக்கீங்க, கிட்டப் பாக்கலாமா?"

"தாராளமா சார்!"

மஜீது மௌஸை உருட்டினார். களத்தில் நின்ற ஆட்களில் ஒருவருடைய முகம் திரை நிறைய வந்தது. அவர் திரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"ஒரு நாளும் எடுக்காத மனுசன்னு சொன்னீங்களே..." என்று இழுத்தார்.

அங்கே, பேரன் எழுதிய ஒரே வரிக்குக் கட்டுப்பட்டு, தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மீசையில்லாத மிராசுதார் முன்னால் குனிந்து நின்றார் கண்ணுசாமி.