சிவப்புக் கொடி

“அக்டோபர் 9. ஸ்கேன் படத்தை இணைக்க மறந்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு மறுபடியும் மெயில் அனுப்பினேன்.”

பிஷ்கெக் நகரத்தில் பெர்மெத் இதை டைரியில் எழுதிவிட்டு, பொறுக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

“அம்மாவுக்கு மூச்சே விட முடியலைங்க. ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்குமா?”

“உங்க மெயிலுக்கு, அவசரம்னு சிவப்புக் கொடி போட்டு வச்சிருக்கேன் அக்கா. கண்டிப்பா பாக்கறேன்,” என்றாள் அங்கிருந்த பெண்.

பெர்மெத் போனை வைத்துவிட்டு அழுதாள்.

“அதான் கொடி போட்டாச்சுங்கறாங்களே, அப்புறம் எதுக்கு அழறே? டீ ஆறுது பாரு,” என்றான் தம்பி தாலாந்த்.

“உனக்குத் தெரியாதுடா. வீட்டு ஹீட்டர் வேலை செய்யலைன்னு எங்க ஆபீஸுக்குப் புகார் எழுதறவங்ககிட்ட, நானும் தினம் இதைத்தான் சொல்றேன். கொடி போட்டதுல ஒண்ணைக்கூட இதுவரைக்கும் திறந்ததில்லை.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு டைரியில் அடுத்த வரியை எழுதினாள்: “நாளை லீவு போட்டு, அம்மாவை நேரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.”