அதிரச டப்பா

எங்கள் விடுதியில் முதலாமாண்டுக்காரிகளுக்குத் தனியறை கிடையாது. எனக்குக் கிடைத்தது. சேர்ந்த அன்று காலையில் அந்த அறையில் இரண்டு கட்டில்கள் இருந்தன. எதிர்க்கட்டிலில் சுபிதா மெத்தை விரித்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, “கூச்சப்படாம எடுத்துக்க கண்ணு” என்றார். நானே கைவிட்டு ஓர் அதிரசம் எடுத்தேன். பாதி தின்றிருந்தபோது ஊரைக் கேட்டார். சொன்னேன். “அங்க எந்தத் தெரு?” என்றார். அதையும் சொன்னேன். அவர் முகம் மாறாமல் எழுந்து வார்டனைப் பார்க்கப் போனார். மதியத்துக்குள் மெத்தை, வாளி, கட்டில் எல்லாம் மூன்றாம் மாடிக்குப் போய்விட்டன. “அதிர்ஷ்டக்காரிம்மா நீ. ஃபைனல் இயருக்கே சிங்கிள் ரூம் கிடைக்காது” என்றார் வார்டன். டப்பா மட்டும் ஜன்னல் திண்டில் இருந்தது. மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, மடச்சி, மூன்று மாடி ஓடினேன். அந்த அம்மா கை நீட்டவில்லை. “நீயே வச்சுக்க” என்று கதவைச் சாத்தினார்.

சாயங்காலம் அவர் ஆட்டோ ஏறிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டப்பாவோடு மறுபடி மாடி ஏறினேன். கதவைத் தட்டவில்லை, குத்தினேன். சுபிதா திறந்தாள். அவள் கண்ணெதிரே டப்பாவுக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்துக் கடித்தேன். டப்பாவை அவள் முன்னால் நீட்டினேன்.

“உங்கம்மா போயிட்டாங்க. இப்ப நீ எடு.”

அவள் டப்பாவைப் பார்த்தாள். வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். அவள் கை இடுப்பு வரைக்கும் எழுந்து அங்கேயே நிற்கிறது. எனக்குத் தோள் கடுக்கிறது. டப்பாவை இறக்குவதாக இல்லை.