இல்லாத பேன்

"எங்க ஊட்டுக்கு இனிமே வராதே. உன் தலையெல்லாம் பேனு!"

வஹீதுன்னிசா இதைக் காதோடு சொல்லியிருக்கலாம். ஏழாம் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். பின்பெஞ்சில் ஒருத்தி பரபரவென்று தலையைச் சொறிந்து காட்ட, எல்லாரும் சிரித்தார்கள்.

வசந்தாவுக்கு முகம் எரிந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சு. பள்ளிக்கூடம் விட்டதும் பூந்தமல்லியில் வஹீதா வீட்டு வாசலில் ஏழாங்கல் ஆடிவிட்டுத்தான் வசந்தா நசரத்பேட்டைக்கு நடப்பாள்.

"யாருடி சொன்னது?"

"எங்கம்மாதான். வராதேன்னா வராதே."

பையைத் தூக்கிக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள் வஹீதா.

வீட்டில் அம்மா பொன்னியம்மா, மகளின் தலையை மடியில் சாய்த்து வாரிப் பார்த்தாள்.

"பேனும் இல்ல, ஈரும் இல்ல. வேணான்னா உட்டுத் தள்ளு. இனிமே அந்தப் பக்கமே போவாதே."

வசந்தாவால் விட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு நைனா நாகப்பன் காலையிலேயே ஆவடிக்குக் கிளம்பிவிட்டார். அம்மா துணி துவைக்க உட்கார்ந்த நேரம் பார்த்து, சீயக்காய் தேய்த்துக் குளித்த தலை காயும் முன்பே பூந்தமல்லிக்கு நடந்தாள் வசந்தா.

வஹீதாவின் அம்மா அஷ்ரஃபுன்னிசா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, என் தலையை நீங்களே பாருங்க. ஒரு பேன் இருந்தாலும் நான் வரல."

"இன்னா புள்ள உளர்றே? நான் எப்ப உன்ன வராதேன்னேன்? ஒரு வாரமா ஆளக் காணோமேன்னு நான்தான் கேட்டுகினு கீறேன்!"

குரல் கேட்டு உள்ளிருந்து ஓடிவந்தாள் வஹீதா. வசந்தாவின் கையைப் பற்றி இழுத்தாள்.

"உள்ள வா. சீக்கிரம் வாடி!"

"பொய்க்காரி! கையை உடு!"

வசந்தா திமிறித் திரும்பினாள்.

எதிர்வீட்டில் சிலோன் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. வாசற்படியில் பனியனோடு உட்கார்ந்து ஒரு சின்னப் பையனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார் அவள் நைனா.

"போதும் நைனா" என்று சிணுங்கினான் பையன்.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, அவர் தோளில் துண்டைப் போட்டுவிட்டுப் போனாள்.

அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

வஹீதா அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"போன வாரந்தான் குடி வந்தாங்க. அவரு உன் நைனான்னு எங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. பேன்னு சொன்னா ரோஷத்துல நீ வரமாட்டேன்னு..."

முடிக்க முடியாமல் அழுதாள்.

வசந்தா அழவில்லை. கொஞ்ச நேரம் அவள் தோளில் சாய்ந்திருந்தாள். பிறகு வஹீதா அவளைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போய்த் தெருமுனையில் விட்டாள். நாளைக்கு ஏழாங்கல் ஆடலாமா என்று இருவருமே கேட்கவில்லை.

நசரத்பேட்டை வரும்வரை வசந்தாவின் மனசில் ஒன்றுதான் ஓடியது. அம்மாவுக்குத் தெரியக் கூடாது.

பொன்னியம்மா கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"எங்கடி போயிருந்தே?"

"வஹீதா ஊட்டுக்கு. ராசியாயிட்டோம்மா. ஆனா நீ மார்க்கெட்டுக்குப் போனா அந்தத் தெரு வழியா மட்டும் போவாதே."

"ஏன்?"

"வெறிநாய் ஒண்ணு சுத்திகினு கீது. போறவங்க வரவங்களையெல்லாம் கடிக்குதாம்."

பொன்னியம்மாவின் கை கொடியிலேயே நின்றுவிட்டது. மெல்ல வந்து, மகளின் முகத்தை ஈரக் கைகளில் ஏந்திக்கொண்டாள்.

"நீயும் பாத்துட்டியா?"